சித்தி செய்த பேய் முட்டை

பேய்க்கும் எங்கள் ஊரில் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் கடைசியில் வரும் அந்த வெளிநாட்டுப் பேய்ப் பண்டிகை, அந்த வருடம் பார்த்து வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை உடைக்க மாட்டோம். செவ்வாய், அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். புரட்டாசி முழுக்கச் சும்மா இருந்து, அப்போதுதான் அடுப்படிக்குள் முட்டை திரும்ப வந்திருந்தது. அதனால் மாடி வீட்டில் அதற்காக வைக்கவிருந்த விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் கணவருடைய தம்பி மனைவி. இன்னொருத்தி என் மகள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேங்கிக்காலில் வீடு கட்டியபோது கீழே நாங்கள், மேலே தம்பி குடும்பம் என்றுதான் கட்டினோம். அவர்கள் அமெரிக்காவில் இருந்தவரை மாடி பூட்டிக் கிடந்தது. துணி காயப்போடப் போவதோடு சரி. திரும்பி வந்த பிறகு மாடியில் விளக்கு எரிந்தது, பாட்டு கேட்டது, கேக் வேகும் வாசனை படியிறங்கி வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பை எங்கள் வீட்டுக்குள் வந்து விழும். ஆள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பாள். வகுப்பில் யார் யாரை அடித்தார்கள், எந்த டீச்சர் திட்டினார்கள் என்பதெல்லாம் முன்பு என் காதுக்குத்தான் முதலில் வரும். இப்போது ராத்திரி சாப்பாட்டின்போது, "இதை சித்திகிட்டயே சொல்லிட்டேனே" என்று பாதியில் நிறுத்திவிடுவாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? எரிந்தது. சித்தியோடு சண்டை போடவும் வழியில்லை. மரியாதையான பெண். அக்கா அக்கா என்று கூப்பிடுவாள், ஊரிலிருந்து எது வந்தாலும் முதல் பங்கு கீழேதான் வரும். அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறாள் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், தெருவே என்னைத்தான் காறித் துப்பும். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு காலையில் மாடியில் ஒரு ட்ரே முட்டை வெந்தது. எதிர்வீடு, பக்கத்து வீடுகளில் இருந்து ஏழெட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டிருந்தாள். தொட்டுக்கொள்ள, கடித்துக்கொள்ள என்று என்னென்னவோ. ஆனால் விருந்தின் பெருமையே அந்த முட்டைகள்தான். கண் மாதிரி சில, சிலந்தி உட்கார்ந்த மாதிரி சில. போனில் படத்தைக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது, பார்த்தால் பயம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் கீழே ஓடி வந்தாள். சித்தி உரித்தால் முட்டை பிய்ந்து பிய்ந்து வருகிறதாம். "நீ உரிச்சா நல்லா வரும்மா, வாயேன்." பல நாள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த பாராட்டு. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். அன்று காலையில் வாங்கிய புது முட்டை. ஓட்டோடு வெள்ளைக்கருவும் சேர்ந்து வந்து, அம்மை போட்ட முகம் மாதிரி ஒரு கிண்ணம் நிறையக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, ஓட்டைச் சுற்றித் தட்டி, குழாயடியில் பிடித்து ஒவ்வொன்றாக உரித்தேன்.

உரித்து முடித்துத் திரும்பினால், என் வேலை அத்தோடு முடிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. சித்தி முட்டையைப் பாதியாக நறுக்கி, மஞ்சள் கருவை மிளகுத்தூளும் மயோனைசும் போட்டுக் குழைத்துத் திரும்ப உள்ளே அடைத்தாள். பாட்டிலில் இருந்து கறுப்பு ஆலிவ் காய்களை எடுத்து, பாதியை உடம்பாகவும், மெல்லிய கீற்றுகளைக் கால்களாகவும் வைத்ததும் சிலந்தி உட்கார்ந்துவிட்டது. என் மகள் பல் குத்தும் குச்சியைச் சிவப்புக் கலரில் தொட்டு, வெள்ளையின் மேல் ரத்த நரம்பு வரைந்தாள். அவள் நாக்கு கடைவாயில் துருத்திக்கொண்டிருந்தது. மனசு ஒன்றி எழுதும்போது மட்டும் வருகிற நாக்கு அது. சித்தி ஒரு கையால் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். நான் சிங்க்கில் அடைத்துக்கொண்ட முட்டை ஓட்டை வழித்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகள் முட்டை சாப்பிட மாட்டாள். இடுப்பில் பாவாடை நிற்காத உடம்பு, தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். தோசை மேல் ஊற்றிப் பார்த்தேன். சப்பாத்தி மாவில் கலந்து பார்த்தேன். நெய் சோற்றில் மசித்து, கதை சொல்லி, அடி போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாசனை பட்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். அந்தத் தட்டோடு அடுப்படியில் உட்கார்ந்து நான் அழுத நாட்கள் உண்டு. இப்போது அதே முட்டைக்கு உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய தட்டில் முட்டைகளை அடுக்கி, நடுநடுவே எலுமிச்சம்பழத்தைப் பாதி பாதியாக வெட்டி வைத்தாள் சித்தி. எனக்குத் திக்கென்றது. சிவப்புக் கோடு போட்ட முட்டை, அதில் கறுப்புப் பொட்டு, பக்கத்தில் வெட்டிய எலுமிச்சை. இதை நாங்கள் வேறு இடத்தில் அல்லவா பார்ப்போம்? அமாவாசைக்கு மறுநாள் முச்சந்தியில் கிடக்கும். நடக்கத் தெரிந்த குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதைத் தாண்டாதே, தொடாதே என்பதுதான். யாரோ யாருக்கோ வைத்த வினை அது. எலுமிச்சையையாவது எடுத்துவிடு என்று சொன்னேன். சென்னையில் பதினோராவது மாடியில் வளர்ந்தவள், சிரித்தாள். அது வேறு, இது வேறு என்றாள். என் மகளும் சேர்ந்து சிரித்து, "அம்மா எல்லாத்துக்கும் இப்படித்தான் சித்தி" என்றாள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் குழந்தைகள் வந்தார்கள். கறுப்புத் துணி, அட்டையில் செய்த வௌவால், ஒரே கும்மாளம். வேண்டாம் என்று நினைத்தும் என் கால்கள் மேலே போய்விட்டன. கேக் காலியானது, சிப்ஸ் காலியானது. முட்டைத் தட்டை நடுவில் கொண்டுவந்து வைத்ததும் சத்தம் அடங்கியது. எதிர்வீட்டுப் பையன் இரண்டடி பின்னால் போனான். ஒரு சின்னப் பெண், இது ரோட்டில் கிடக்குமே, எங்கம்மா மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்று அழ ஆரம்பித்தாள். கதவோரம் நின்றிருந்த அவளுடைய அம்மா உள்ளே வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் முந்தானையைச் சுற்றிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து மற்ற குழந்தைகளும் தட்டை விட்டு விலகிப் போனார்கள்.

சித்தி தட்டைப் பிடித்தபடியே நின்றாள். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. சும்மா முட்டைதான், சாப்பிட்டுப் பாருங்க என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். ஒரு கையும் வரவில்லை. நான் சொன்னேனே என்று எனக்குள் ஒருத்தி துள்ளிக் குதித்தாள். அந்த நிமிஷம் என் சந்தோஷத்தை அளக்க எங்கள் வீட்டு அரிசிப் படி போதாது.

அப்போது என் மகள் எழுந்தாள். தட்டில் இருந்து சிலந்தி முட்டை ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். மென்றாள், விழுங்கினாள், சூப்பர் என்றாள். இன்னொன்று எடுத்தாள். அதற்குப் பிறகு கண் முட்டை ஒன்று. அவள் செத்துவிடவில்லை என்று தெரிந்ததும் எதிர்வீட்டுப் பையன் ஒன்று எடுத்தான், அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். சித்தி முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது.

என் முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கெஞ்சியும் என் கையால் ஒரு வாய் வாங்காதவள், யாரும் கேட்காமல் மூன்று முட்டை தின்கிறாள். யாருக்காக? அங்கே நிற்க முடியவில்லை. கீழே வந்து, துலக்கின பாத்திரத்தையே திரும்பத் துலக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். சிங்க் வரைகூடப் போகவில்லை, நான் நீட்டிய கையிலேயே வாந்தி எடுத்தாள். ஆலிவ், மஞ்சள் கரு, சிவப்புக் கலர், எல்லாம் வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டேன். வாய் கொப்பளித்து, என் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "சித்திகிட்ட சொல்லாதம்மா."

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். "எனக்காக ஒரு நாளாவது ஒரு வாய் சாப்ட்டிருக்கியாடி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்கிட்டன்னா பிடிக்கலன்னு சொல்லிடலாம். சித்திகிட்ட எப்படிம்மா சொல்றது? அழுதுடுவாங்க."

வேறு அம்மாவாக இருந்தால் இந்தப் பதிலில் குளிர்ந்து போயிருப்பாள். எனக்குக் குளிரவில்லை. சித்தி அழுதால் இவளுக்குத் தாங்காது, நான் அழுதால் தாங்குமா? அடுப்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்த என்னை இவள் பார்த்ததே இல்லையா? கேட்க வாயெடுப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மகள் சட்டென்று எனக்குப் பின்னால் போய், என் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

சித்தி கையில் மிச்ச முட்டை இருந்த தட்டோடு நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். "அக்கா, பாத்தீங்களா? சாப்பிடவே மாட்டான்னு சொன்னீங்களே."

உன் முட்டை மொத்தமும் இப்போதுதான் என் கையில் வந்து விழுந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் புடவை இழுபட்டது. "ஆமா, நல்லா இருந்துச்சுன்னு சொன்னா" என்றேன்.

"அப்ப இனிமே தினம் நானே செஞ்சு வெச்சிடறேன்கா. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி மேல வந்து சாப்ட்டுட்டுப் போகட்டும்."

முதுகுக்குப் பின்னால் அந்தப் பிடி இறுகியது.

"அதெல்லாம் வேணாம்மா" என்றேன். "எம் பொண்ணுக்கு முட்டை நான் குடுத்துக்கறேன்."

அவள் முகம் சுண்டிப் போனது. சரிங்கக்கா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டோடு படியேறினாள். புடவையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. என் மகள் என் இடுப்பில் முகத்தை அழுத்தி, தேங்க்ஸ்மா என்றாள். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நானும் இங்கே எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தை வாயில் அவ்வளவு இனித்தது.