அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுத்துப் பிழையும் இருக்கும். அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நோட்டீஸ் இது என்பதால், அச்சகத்தில் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். அதையும் தாண்டித் தவறு இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருடம் திருப்பூருக்கு வந்து சாயப்பட்டறையில் சேர்ந்தார். கை வெந்துபோனதால் அதை விட்டு, கூரை ஷீட் மாட்டும் வேலைக்கு மாறினார். பிறகு என்னையும் வரவழைத்து அருள்புரத்தில் குடிவைத்தார். மகள் பிறந்த அன்று குடியை நிறுத்தியவர், அதன்பின் தொடவே இல்லை.

வேலையில் அண்ணன் கண்டிப்பானவர். சிமெண்ட் ஷீட்டில் போல்ட் வரிசையின் மேல்தான் கால் வைக்க வேண்டும், அதன் அடியில்தான் இரும்புச் சட்டம் இருக்கிறது என்பார். கூரை உச்சியில் இடுப்புக் கயிற்றைக் கட்டிய பிறகே வேலையைத் தொடங்குவார். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

“என்ன அண்ணாச்சி, மாட்டக் கட்டுன மாதிரி கட்டிக்கிட்டீக?”

“மாடு அத்துக்கிட்டுப் போனா புல்லு மேயும்லே. நான் அத்துக்கிட்டுப் போனா எங்க போய் மேய?”

வெளிச்சத்துக்காக இடையிடையே மாட்டும் பிளாஸ்டிக் ஷீட்டில் மட்டும் எங்கேயும் கால் வைக்கக் கூடாது. வெயிலில் காய்ந்து அப்பளம்போல் ஆகியிருக்கும். போல்ட் வரிசையிலும் தாங்காது. பார்த்தாலே தெரியும் என்பதால் விலகி நடந்துவிடுவோம்.

சென்ற வருடம் சித்திரையில் ஒரு பனியன் கம்பெனியில் அனல் தாங்காமல் டெய்லர்கள் மயங்கி விழுந்தார்கள். கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க எங்களை அழைத்தார்கள். மேற்குப் பாதியை அண்ணன் எடுத்துக்கொண்டார், கிழக்குப் பாதி எனக்கு. அண்ணன் சாப்பிடப் போயிருந்தபோது சூப்பர்வைசர் வந்தார்.

“ஏனுங்க, அந்த வெளிச்ச ஷீட்டுலதானுங்க வெயிலு நேரா எறங்குது. அதையும் சேர்த்து அடிச்சு உட்ருங்க.”

அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. “சரிங்க” என்று சொல்லி இரண்டு ஷீட்டுகளை வெள்ளையாக்கினேன். பக்கத்துச் சிமெண்ட் ஷீட்டுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. திட்டுவார் என்று அண்ணனிடம் சொல்லவில்லை.

ஆனியில் முதல் மழைக்கே கிழக்குப் பாதி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். பசை கலந்த சுண்ணாம்பு கரையாமல் அப்படியே இருந்தது. போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வெள்ளையடித்ததைச் சொல்லலாம் என்று நான் கீழே நின்றேன். அண்ணன் கயிற்றை உச்சியில் கட்டுவதற்காக, ஒவ்வொரு போல்ட் வரிசையாகக் கால் வைத்து ஏறினார். நான் வெள்ளையடித்த ஷீட் உடைந்து, உள்ளே கட்டிங் டேபிள் ஓரத்தில் விழுந்தார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள் நினைவு வந்ததும் என்னைக் கேட்டார்.

“ஏலே, அந்த எடத்துல வெளிச்ச ஷீட்டு கிடையாதுல்லா?”

“இல்லண்ணே.”

“அப்ப நாந்தாம்லே தப்பாக் கால வச்சிட்டேன்.”

அதன்பின் அவர் பேசவில்லை.

காரியத்தன்றே, பழைய பழக்கம் விட்டிருக்காது என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். மதினி என்னைத் தனியாக அழைத்தார். “தம்பி, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு ஒங்க அண்ணன் குடிச்சிருந்தாகளா?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு வருடமாக அப்படியே நம்புகிறார்.

அண்ணனை ஒரு துணிச் சுருளை விரித்து அதன் மேல் கிடத்தி வேன்வரை தூக்கி வந்த கட்டிங் மாஸ்டருக்கும், ரத்தம் கொடுத்த வடநாட்டுத் தொழிலாளர்கள் இருவருக்கும், மூன்று நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நடந்ததை மதினியிடம் நேரில் சொல்ல இரண்டு முறை போனேன். காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதனால் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். மதினி, அண்ணன் குடித்திருக்கவில்லை. சரியான இடத்தில்தான் கால் வைத்தார். அந்த ஷீட்டை மறைத்தவன் நான்.

2006, ஆனி மாதம் 3ஆம் நாள்.