மோகனப்பிரியாவுக்கு ஊர் வைத்த பெயர்

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள், காது குத்துவார்கள். என் அக்கா மகளை என் மடியில்தான் வைத்தார்கள். மோகனப்பிரியா என்று அவள் காதில் மூன்று தடவை சொன்னவன் நான். அந்தப் பெயரை ஊர் தூக்கிப் போட்டது. பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து அவளை எல்லாரும் டாக்டர் என்றார்கள், டாக்டரம்மா என்றார்கள். இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பிள்ளையின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு, அவள் வாங்காத பட்டத்தைக் கையில் திணித்துவிட்டு, பிறகு அந்தப் பட்டம் எங்கே என்று கேட்டால் அவள் எங்கே போவாள்?

நான் ஆறாவதோடு நின்றவன். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறேன். அக்கா விஜயலட்சுமி பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். அத்தான் இளஞ்செழியனுக்குக் கல்யாணமே தாமதம். அதற்குப் பிறகும் பல வருஷம் பிள்ளை இல்லை. நாற்பதை நெருங்கும்போதுதான் இவள் பிறந்தாள், ஒற்றைப் பிள்ளை. அத்தான் கெட்டவர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த நிலத்தில் பாடுபடுகிறவர், குடி கிடையாது, பிள்ளை மேல் உயிர். அந்த உயிர்தான் பிள்ளையைப் போட்டு அமுக்கியது.

பத்தாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. அத்தானும் கூட்டாளிகளும் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். ‘வருங்கால மருத்துவர்’ என்று பெரிய எழுத்து. அவள் பெயர் கீழே, சின்னதாக. ஃபிளெக்ஸ் அடித்தவன் எவளோ ஒருத்தியின் உடம்பில் இவள் தலையை ஒட்டியிருந்தான். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிற்பு. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அவள் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு அந்த வழியே போவாள். ஒருநாள் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டாள்.

“மாமா, அந்தப் படத்துல கை யாரோடது?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பன்னிரண்டாவது முடித்து நீட் எழுதினாள். சுமாராக வந்தது, சீட்டுக்கு எட்டாது. முதல் தடவை யாருக்குத்தான் கிடைக்கிறது என்று அத்தானே சமாதானம் சொல்லி, ஒரு கோச்சிங் சென்டரில் கொண்டுபோய் விட்டார். எந்த ஊர், என்ன பெயர் என்பது இங்கே வேண்டாம். வாராவாரம் தேர்வு, அந்த மதிப்பெண்ணை வைத்து வகுப்பைப் பிரிப்பார்களாம். எங்கள் நிலையத்தில் நெல்லுக்கு ஈரம் பார்த்து, இந்தக் குவியல் எடுக்கலாம், அது காயட்டும் என்று ஒதுக்குவோம். ஒதுக்கின நெல்லாவது வெயிலில் காய்ந்து திரும்ப வரும். இவளை முதல் வகுப்பிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளி, அங்கிருந்து கடைசிக்குத் தள்ளினார்கள். தூக்கம் போச்சு. படித்தது நிற்கவில்லை. நிற்காததால் இன்னும் உட்கார்ந்து படித்தாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கொல்லைப்புறத்து வயலில் சம்பா முற்றி நிற்கிறது, அறுப்பு மிஷின் வரப்பில் வந்து நிற்கிறது. அத்தான் ஓடிப்போய், டாக்டர் பரீட்சைக்குப் படிக்குது, சத்தம் கூடாது, நாலு நாள் கழித்து வா என்று மிஷின்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். சொல்லி வைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. கதிர் மொத்தமும் தண்ணீரில் படுத்துவிட்டது.

அத்தான் வாசலில் நின்று வயலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அவள் தலையில் கையை வைத்துச் சொன்னார்.

“நெல்லு போனா போவுது டாக்டரு. நீ படி.”

திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சொல்லில் அவள் முகம் எப்படிப் போனது என்பதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

மழை விட்டபிறகு அறுத்த நெல்லைத் தார்ரோட்டில் கொட்டிக் காயவைத்தோம். அவள் தானாக இறங்கி வந்து, காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே கொஞ்ச நேரம் நடந்தாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெல் உள்ளங்காலில் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டு. அந்த வருஷம் முழுவதும் அவள் நன்றாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அத்தான் பார்த்துவிட்டு, டாக்டர் நெல்லுக் கிண்டுறதா, ஊரு சிரிக்கும் என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

கோச்சிங்குக்குத் திரும்பிப் போனவளை மாசிக் கடைசியில் அழைத்துப் போகச் சொல்லி போன் வந்தது. அத்தானுக்குக் காய்ச்சல், நான்தான் போனேன். குளிக்காமல், தலை வாராமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முன்நெற்றியில் முடியைப் பிடுங்கிப் பிடுங்கி வழுக்கை விழுந்திருந்தது. தஞ்சாவூர் வந்ததும் நான் ஊர் பஸ் ஏறவில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மருத்துவக் கல்லூரி வாசலுக்குள் அவள் முதன்முதலாக நுழைந்தது இப்படித்தான், நோயாளிச் சீட்டோடு.

மனநலப் பிரிவில் பெயரைக் கூப்பிட்டார்கள். மோகனப்பிரியா என்று இரண்டு தடவை சத்தமாகக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் தோளைத் தொட்டபிறகுதான், நானா என்பது போலப் பார்த்தாள்.

அங்கிருந்த பெண் டாக்டர் பொறுமையாகப் பேசினார். இது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை, வியாதி. மாத்திரையில் கட்டுப்படும், ஆனால் நாங்கள் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்றார். இந்த வருஷம் பரீட்சையை விட்டுவிடச் சொன்னார். அத்தானும் முதலில் ஒத்துக்கொண்டார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்துச் சில வாரத்தில் தூங்கினாள். பிறகு சாப்பிட்டாள். முடி முளைத்தது. மாதாமாதம் நானே அழைத்துப் போனேன். வருஷம் திரும்புவதற்குள் ஓரளவு பழைய பிள்ளையாக ஆகிவிட்டாள். அதைப் பார்த்ததும் அத்தானுக்கு மறுபடியும் ஆசை வந்துவிட்டது. அடுத்த நீட்டுக்குப் பணம் கட்டிவிட்டார்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நெல் படுத்துக் கிடந்த வயலை நினைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்?

இந்தச் சமயத்தில்தான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரெத்தினம் டீக்கடையில் ஒரு சேதி சொன்னார். சீட்டுக் கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். மனசுக்கு மாத்திரை சாப்பிட்டவர்கள் என்றால் ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். பைத்தியத்துக்கு மாத்திரை தின்றவளை டாக்டராக விடுவார்களா என்றாராம். வியாதியை மறைப்பதில் எங்கள் ஜனத்துக்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் வேறெதிலும் கிடையாது. கல்யாணத்துக்கு மறைப்பார்கள், இதற்கும் மறைத்தார்கள். மாத்திரை அட்டைகளை அத்தான் வாய்க்காலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிக்கார்டு ஆகும் என்று, இனி நானே அழைத்துப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு அதையும் நிறுத்தினார். எனக்கு விஷயம் தெரியவந்தபோது இரண்டு மாதம் ஓடி, பரீட்சையே வந்துவிட்டது. அந்த மாதிரி ஒரு சட்டமும் இல்லை, ரத்தத்தில் பார்த்துச் சீட்டை மறுக்கிறவன் எவனும் இல்லை என்று அந்தப் பெண் டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கே முகம் சுருங்கிப் போனது.

மாத்திரை இல்லாமல் போய்ப் பரீட்சை எழுதினாள். எழுத்தெல்லாம் ஊர்ந்து போச்சு மாமா, கடைசியில வரிசையா ஒரே கட்டத்தைக் கருப்பாக்கிட்டு வந்தேன் என்று ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். முதல் தடவை வாங்கினதில் பாதிகூட வரவில்லை.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் அக்கா ஓடி வந்தாள். முந்தின நாள் மத்தியானம் சாத்தின அறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. நான் போனபோது அத்தான் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று, டாக்டரு, கதவத் திற டாக்டரு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நகர்த்திவிட்டுக் கடப்பாரையால் தாழ்ப்பாளை நெம்பினேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். எழுந்து போகக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்திருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள்.

அன்றைக்குத்தான் அத்தானிடம் முதன்முதலாகக் குரலை உயர்த்தினேன்.

“அவளுக்குப் பேரு இருக்கு அத்தான். அதைச் சொல்லிக் கூப்புடுங்க.”

“பேரு வச்சுட்டாப் போதுமா மாப்ள? ஆறாவது படிச்சவன் எனக்குப் புள்ள வளக்கச் சொல்லித் தர்றியா?”

“நீங்க வளத்தது உள்ள உக்காந்திருக்கு. போயிப் பாருங்க.”

அவர் போய்ப் பார்க்கவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நானும் அக்காவும் அவளைக் குளிப்பாட்டி உடுத்தி, வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நாள் அங்கேயே சேர்த்து வைத்திருந்தார்கள். மறுபடியும் மாத்திரை, மறுபடியும் தூக்கம், முன்னைவிட மெதுவாகத்தான் தேறினாள். இந்தத் தடவை மாத்திரை அட்டைகளை அப்பா கையில் கொடுக்காமல் அவளே வைத்துக்கொண்டாள்.

தேறி ஊருக்கு வந்தால் ஊர் விடவில்லை. அதே வார்த்தை, ஆனால் இப்போது வேறு சுருதி. நடவுக்கு நின்ற பொம்பளைகள், டாக்டரம்மா, முதுகு வலிக்குது, ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க என்றார்கள். கடையில், டாக்டருக்கு முதல்ல சாமானைக் குடு, பேஷண்டு காத்திருக்கு என்றார்கள். முன்னால் மரியாதையாகச் சொன்ன அதே வாய்கள். அவள் வீட்டை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவளாகவே விசாரித்துத் திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை தேடிக்கொண்டாள். கண் பரிசோதிக்கிற இடத்தில் வருகிறவர்களை உட்கார வைப்பது, எழுத்துப் பலகையைக் காட்டுவது, ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டவன் நான். அவள் போன வாரமே, பிள்ளைக்கு வெளிநாட்டில் மெடிக்கல் சீட்டுக் கிடைத்துவிட்டது என்று அத்தான் ஊரில் சொல்லிவிட்டார். எந்த நாடு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நாடு சொல்கிறார். யாரும் நம்பவில்லை. முகத்துக்கு நேரே, டாக்டரோட அப்பா வர்றாரு, எடம் விடு என்று சொல்லிவிட்டு, அவர் போனபிறகு சிரிக்கிறார்கள். அவர் மெய்யென்று நினைத்து உட்காருகிறார். அந்த மனுஷன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு நடுவிலும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வருகிற தையில் அவருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அக்காவும் அவரும் மறுபடியும் மாலை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். பிறந்த வீட்டுச் சேலை நான் எடுக்க வேண்டும். சொந்தம் பூராவும் வரும். மகள் எங்கே என்று கேட்காமல் ஒருத்தரும் போகமாட்டார்கள். பரீட்சை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல அத்தான் இப்போதே தயாராக இருக்கிறார்.

போன மாதம் திருச்சி போய் அவளைப் பார்த்தேன். கடை வாசலில் நின்று பேசினோம். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், முடி நன்றாக வளர்ந்திருந்தது. சேலைக் கலரைப் பற்றிக் கேட்டாள், அம்மாவுக்கு மாம்பழக் கலர் எடுங்கள் என்றாள். நீயும் வா, பெத்தவங்க கல்யாணத்தப் பாக்க எல்லாருக்கும் கிடைக்குமா என்று கூப்பிட்டேன். தலையை ஆட்டிவிட்டாள்.

“வரமாட்டேன் மாமா. அங்க யாராச்சும் டாக்டர்னு கூப்புடுவாங்க. நான் திரும்பிப் பாத்துடுவேன். அதுதான் பயமா இருக்கு.”

உள்ளேயிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“சபையில எந்திரிச்சுச் சொல்ல வேணாம் மாமா. என்னைப் பத்தி யாராச்சும் கேட்டா மட்டும், அப்பா வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க. மோகனப்பிரியா திருச்சியில கண்ணாடிக் கடையில இருக்கா, மனசுக்கு மாத்திரை சாப்புடுறா, நல்லா இருக்கான்னு சொல்லுங்க. அம்மா அழுவும். அது பக்கத்துல நின்னுக்குங்க.”