பட்டைக் கொட்டகையில் வந்த பாட்டு

எங்கள் உறவில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் வாழ்த்துப்பா பாடுவது என் தாய்மாமாதான். பெண் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே பாட்டைப் பாடுகிறார் என்று நைனா முணுமுணுப்பார். அப்படிப்பட்ட மாமா, என் அக்கா கல்யாணத்தில் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதல் தாம்பூலத்தை அவருக்கு வைக்காமல் வாலாஜாபேட்டைப் பெரியப்பாவுக்கு வைத்துவிட்டார் நைனா. கோபித்துக்கொள்ள இது போதாதா? அம்மா போய்க் கெஞ்சியும் மாமா மசியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேலூர்க்காரர்கள். பாட்டில்லாத பந்தல் என்று சிரிப்பார்களே என்று நைனாவுக்குக் கவலை. ஆம்பூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்மேல் அவர் பார்வை விழுந்தது.

“நீதான் படிக்கிற பொண்ணாச்சே, நாலு அடி எழுதேன். அவரு பாடலன்னா கல்யாணம் நின்னுடுமா இன்னா?”

பாட்டு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கு எப்படி வரும் என்று மட்டும் தெரியும். தலையில் துண்டைக் கட்டி, வாய் நிறைய வெற்றிலை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பார். நானும் துண்டு கட்டினேன், வெற்றிலை போட்டேன். பாக்கு நெஞ்சை அடைத்துத் தலை சுற்றியது. விட்டமும் சேர்ந்து சுற்றியது. சிலேட்டில் ‘மங்களம்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. அதுவும் மாமாவுடையது. என் மண்டையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

அக்கா தோல் கிடங்குக் கொட்டகையில் ஆவாரம்பட்டை இடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தோலைப் பதப்படுத்த அந்தத் தூள்தான் வேண்டும். மத்தியானம் கூழ் கொண்டுபோன என் கையிலும் ஓர் உலக்கையைக் கொடுத்தாள். ஒரே உரலில் அவளுடையது ஏறும்போது என்னுடையது விழ வேண்டும். இரண்டும் மாறி மாறி விழத் தொடங்கியதும் என் வாய் தானாக ஏதோ சொன்னது.

கையில ஒட்டின செந்தூளைக் கழுவிட்டுப் போ, அக்கா,
கழுவினாலும் போகாத எங்களை என்ன செய்வே, அக்கா?

அக்கா இடிப்பதை நிறுத்தவில்லை. “அட, அப்பறம்?” என்றாள். அப்புறமும் வந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சிலேட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அடுத்த அடி வரவேயில்லை. மறுநாள் கொட்டகைக்குப் போனேன், வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம் தூசிக்கும் தும்மலுக்கும் நடுவில் நடக்குமா? இது பாட்டுத்தானா, வெறும் உளறலா? யாரையும் கேட்க வெட்கமாக இருந்தது. அக்காவிடம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். நைனாவிடம், வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன் என்றேன்.

கல்யாணத்தன்று பந்தலில் என்னை நிறுத்தினார்கள். பாட மாட்டேன் என்ற மாமா சாப்பிட வந்திருந்தார். முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முதல் சொல்லே வரவில்லை. வேலூர்க்காரர் ஒருவர், “பாப்பா மறந்துட்ச்சி, வுட்டுடுங்க” என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மணையில் உட்கார்ந்திருந்த அக்கா, நிமிராமலே, உள்ளங்கையால் மணைப்பலகையைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள். வளையல் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. புருஷன் வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரமா? நான் திணறுவதுகூடவா பொறுக்கவில்லை? அழுகையும் கோபமுமாக வாயைத் திறந்தேன். பாட்டு கொட்டியது. கடைசி அடி வரைக்கும் அவள் தட்டிக்கொண்டேயிருந்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமாகூட மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் அக்காவை ரயிலேற்ற எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அவள் இரண்டு தடவை ஆளனுப்பியும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவில் என் உலக்கை விழுவதற்கு அவள் இடம் விட்டிருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.