எண் இல்லாத ஐந்து வால்வுகள்

பழுதுபார்க்க வெளியே போகும் பொருளின் எண்களை முன்கூட்டியே குறித்து, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட வேண்டும். பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில், இந்த விதியை மீறியவர்களுக்கு மெமோ கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். மாமனாரின் வால்வு ரேடியோவுக்கு மட்டும் விலக்கு அளிப்பேனா?

அது பாடி வெகுகாலம் ஆகிறது. சென்னையிலிருக்கும் மனைவியின் தம்பி போனில் சொன்னான்: "பொங்கலுக்கு வரேன் அத்தான். பாடினா அக்காகிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா அப்பா ஞாபகமா நான் எடுத்துட்டுப் போறேன்."

மனைவி ரேடியோவின் மேல் போட்டிருந்த துணியைத் துவைத்து, மறுபடியும் அதன்மேலேயே விரித்தாள்.

யூடியூபைப் பார்த்து நானே தொடங்கினேன். கரப்பான் முட்டைகளை அகற்றினேன். ஐந்து வால்வுகளையும் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பளிச்சென்று ஆகும்வரை துடைத்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று.

செகந்திராபாத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மிக்சியும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோகுமுன், ரேடியோவின் பின்பலகையில் கம்பெனி ஒட்டியிருந்த அட்டவணையிலிருந்து வால்வு எண்களை இரண்டு பிரதிகளாக எடுத்தெழுதினேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு செல்போனில் உள்பக்கத்தைப் படம் எடுத்தார். யாருக்குக் காட்ட? பழைய வால்வுகளுக்கு இப்போது கிராக்கி என்று படித்திருந்தேன்.

பத்தாம் நாள் சொல்லாமல் போய் நின்றேன். பட்டியலை விரித்து ஒவ்வொரு வால்வாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் எண் இல்லை.

"மாற்றியாகிவிட்டதா?" என்று இந்தியில் கேட்டேன்.

"ஷக் நக்கோ கரோ, சாப். ஜரா சுனோ..."

சந்தேகப்பட வேண்டாமாம். தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படத்தான். 'கொஞ்சம் கேளுங்கள்' என்று அவர் தொடங்கியதைக் கேட்காமல் ரேடியோவை ஆட்டோவில் ஏற்றினேன். அன்று மாலையே அவருக்கு மூன்று கேள்விகளுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். ஆதாரங்கள் அச்சிட்ட வடிவில், தபாலில் மட்டுமே ஏற்கப்படும் என்றும் சேர்த்தேன்.

"ரெண்டு தெருதானே? நடந்துபோய்க் கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"வாயால் கேட்டால் வாயால் மழுப்புவான்."

"வேற ஆள்கிட்டயாவது குடுங்க."

"விசாரணை முடியாமல் தொடக்கூடாது."

"யாரு விசாரிக்கிறது? நீங்கதானே?"

பொங்கல் வந்தது. தம்பி வந்தான். குமிழைத் திருகிப் பார்த்தான், கரகரப்புகூட இல்லை. பதினேழாம் தேதி காலை ரேடியோவைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்தான். மனைவி அந்தத் துணியை மடித்து உள்ளே எடுத்துப்போனாள்.

பிறகு தபால் வந்தது. உள்ளே ஒரு படம்: நான் ஒப்படைத்த அன்று எடுத்தது. பளபளவென்று ஐந்து வால்வுகள். ஒன்றிலும் எண் இல்லை. என் கடிதத்தின் பின்புறத்திலேயே பதில் எழுதியிருந்தார்: "வால்வு எண் வெறும் மை. ஸ்பிரிட் பட்டால் போய்விடும். வரும்போதே இல்லை. அன்று இதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு கண்டென்சர் மட்டும் பாக்கி. வாங்கி வைத்திருக்கிறேன். ரேடியோவைக் கொண்டுவாருங்கள், அரை மணியில் பாடும்."

உறையின் மேல், வழக்கப்படி, பெற்ற தேதியைக் குறித்தேன்: ஜனவரி பதினெட்டு.