வியாழக்கிழமைக்கு வைத்திருந்த விரல்கள்

ஐந்து, பத்து, பதினைந்து என்று உதடு மட்டும் அசைய, வெர்னா ஸ்டட்லர் வெண்ணெய்க் கத்தியால் காய்ந்த வெள்ளை பீன்ஸைத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளுகிறாள். ஒரு தள்ளலுக்கு ஐந்து. நாலும் ஆகாது, ஆறும் ஆகாது. முப்பது சேர்ந்ததும் ஜாம் புட்டியில் கொட்டி மூடுகிறாள். மறுபடி திறந்து தட்டில் கவிழ்க்கிறாள். மருந்துக்கடையில் மாத்திரையை அப்படித்தான் எண்ணுவார்கள். கைகளில் வெள்ளைப் பருத்தி உறை, உறைக்குள்ளே களிம்பு. ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் நீலம் மாறாமல் கிடக்கிறது. வேலைக்குக் கிளம்ப இருபது நிமிடம் இருக்கிறது.

"அந்த பீன்ஸு என்னிக்காவது சூப்புக்குள்ள போகுமா, இல்ல அதுக்கும் வியாழக்கிழமை முடியணுமா?" என்கிறான் புருஷன் ரஸ், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி. மூன்று வாரமாக அவன்தான் கழுவுகிறான். அவன் கழுவிய கோப்பையில் காபிக் கறை வளையமாக அப்படியே இருக்கிறது. வெர்னா அந்த வளையத்தைப் பார்க்கிறாள். அதே கோப்பையில் குடிக்கிறாள்.

ஐம்பத்தோரு வயது. முழங்கைகளை உடம்பை விட்டுச் சற்றே விலக்கி வைத்துத்தான் நடப்பாள், எப்போதும் இரண்டு கூடைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி. ஊர்க் கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருபத்தோரு வருஷம். துணி வெளுக்கும் ப்ளீச்சும் வெந்நீரும் சூடு ஆறாத படுக்கை விரிப்புகளும் அவள் விரல் நுனிகளை வழவழவென்று ஆக்கிவிட்டன. குளிர்காலத்தில் தோல் வெடித்து, விரிப்பில் சிவப்புப் புள்ளி வைக்கும். அந்த விரிப்பை மறுபடி துவைக்க வேண்டும். இன்னொரு குளிர்காலம் இந்தத் தண்ணீரில் கை வைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அறையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாக்கெட்டுக்குள் விரல் விட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் தண்ணீரில் போட மாட்டாள். மூக்குத் துடைத்த காகிதம், பாதி பிஸ்கட், காது கேட்கும் கருவி, ஒரு தடவை கீழ்வரிசைப் பல்செட். எல்லாவற்றையும்விட அதிகம் மாத்திரைதான். நர்ஸ் கொடுக்கும்போது வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் அங்கியின் பாக்கெட்டில் தள்ளிவிடுகிற கிழவர்கள் அங்கே நிறைய. வெர்னா ஒவ்வொன்றையும் தபால் உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, நர்ஸிடம் கொடுத்துவிடுவாள். மாத்திரைகளின் மேல் பொறித்த எழுத்தும் எண்ணும் அப்படியே மனதில் ஏறிவிட்டன. "இது ரத்தக் கொதிப்புக்கு. இது தூக்கத்துக்கு. இது அவரோடது இல்ல, பக்கத்து ரூம்காரம்மாவோடது" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

அதனால்தான் கடைவீதி மருந்துக்கடையில் பயிற்சியாளர் தேவை என்ற அட்டையைப் பார்த்ததும் நின்றாள். கடையை நடத்துகிற திருமதி ஒபியோரா நாலு கேள்வி கேட்டார். நாலாவது கேள்விக்கு முன்பே அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் மாநில மருந்தக வாரியத்தில் பயிற்சியாளராகப் பதிவாகாமல் அந்த நீண்ட மேஜைக்குப் பின்னால் ஒரு காலடி வைக்கக்கூடாது. பதிவாக வேண்டுமானால் இவள் குற்றம் எதுவும் செய்யாதவள் என்று தெரிய வேண்டும். அதற்குக் கைரேகை வேண்டும். விண்ணப்பத்தில், எப்போதாவது உங்கள் மீது குற்றச்சாட்டு உண்டா என்று ஒரு கேள்வி. எல்லோரும் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு நகர்வார்கள். வெர்னா தனித்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பத்தொன்பது வயதில் உரிமம் இல்லாமல் ஆற்றில் மீன் பிடித்ததற்கு அபராதம் கட்டியது, அன்றைக்கு எத்தனை மீன், அவற்றைத் திரும்ப ஆற்றில் விட்டது, எல்லாம்.

"மீனோட பேரு என்னன்னு மட்டும்தான் நீ எழுதல, வெர்னா" என்றார் ஒபியோரா.

"தெரிஞ்சா எழுதியிருப்பேன். இருட்டிடுச்சு" என்றாள் வெர்னா, சிரிக்காமல்.

ஷெரிஃப் அலுவலகத்தில் ரேகை எடுப்பவன் ஓட்டிஸ். பெரிய உருவம், சின்னக் குரல். அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான், உருட்டினான், ஈரத்துணியால் துடைத்து மறுபடி அழுத்தினான். திரையில் வெள்ளை முட்டை மாதிரி ஒன்று வந்தது. கோடு இல்லை.

"என்னக்கா இது, ஆத்துல கிடந்த கூழாங்கல்லு மாதிரி இருக்கு. திருடனுக்கு இந்தக் கை கிடைச்சா கோயில் கட்டிடுவான்."

"என்னை உனக்குத் தெரியாதா, ஓட்டிஸ்? உங்கம்மாவோட நைட்டிய பதினோரு மாசம் நான்தான் துவைச்சேன்."

அவன் கை அசையாமல் நின்றது. "எனக்குத் தெரியும்க்கா. இந்தக் கண்ணாடிக்குல்ல தெரியணும்."

அந்த ரேகை, தெளிவில்லை என்று தலைநகரிலிருந்து திரும்பி வந்தது. இன்னொரு முறை எடுக்கலாம். அதுவும் திரும்பினால் பெயரை வைத்துத் தேடச் சொல்லி எழுதிப்போட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். ஒபியோரா இடத்தை மாதக் கடைசி வரைதான் வைத்திருக்க முடியும். அதற்கு மேல் முதலாளிகள் விட மாட்டார்கள் என்று அவரே, முகத்தைப் பார்க்க முடியாமல், சொன்னார்.

ஓட்டிஸ் வியாழக்கிழமை காலை நேரம் குறித்துக் கொடுத்தான். "மூணு வாரம் இருக்கு. களிம்பு போடுங்க, உறை போடுங்க. கோடு மெதுவாத் திரும்ப வரும். ப்ளீச்சுல மட்டும் கைய விட்டுடாதீங்க. ஒரு தடவை விட்டாலும் போச்சு."

சலவை அறையை விட்டுப் போகத்தான் ரேகை வேண்டும். சலவை அறையில் இருக்கிறவரை ரேகை வராது. வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்றால் வீட்டு வாடகை காத்திருக்காது. இதை யாரிடமும் அவள் சொல்லிப் புலம்பியதில்லை. முழங்கை வரை தடித்த ரப்பர் உறை வாங்கிக்கொண்டாள். பாக்கெட் பார்க்கும் வேலையைக் கூட வேலை செய்யும் மரிசோலிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவள் பார்த்த ஒவ்வொரு பாக்கெட்டையும் கண்ணால் தொடர்ந்தாள்.

"நீ போனப்புறம் நான்தானே பாக்கணும்? இப்பவே நம்பிப் பழகுக்கா" என்பாள் மரிசோல்.

"நம்பறேன், நம்பறேன். இடது பக்கம் உள்ள இன்னொரு பாக்கெட் இருக்கு பாரு."

இரவில் உறை மாட்டிய கைகளைப் போர்வைக்கு வெளியே வைத்துத் தூங்கினாள். இரண்டாவது வாரம் முடியும்போது வலது ஆள்காட்டி விரலில் ஏதோ தெரிந்தது. விளக்கருகில் போய்ச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீரில் காற்று போட்ட மடிப்பு மாதிரி, நாலைந்து கோடுகள். ரஸ்ஸை எழுப்பிக் காட்டினாள். "ஆமா, இருக்கு" என்று அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்க, பீன்ஸ் எண்ணிவிட்டு வேலைக்கு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மாடியில் பெர்க்ஸ்ட்ரோம் கிழவர் அங்கியிலேயே வெளிக்குப் போய்விட்டார். எண்பத்தேழு வயது, இதய நோயாளி. ஒரு வாரமாகக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. "மருந்து கேக்கவே மாட்டேங்குது. நாளைக்கு டாக்டர் வந்து அளவை ரெண்டு மடங்கா ஆக்கப் போறார்" என்று நர்ஸ் அழுக்குக் கூடையை இறக்கிவைக்கும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்போது வெர்னா இஸ்திரி இயந்திரத்தின் அருகே இருந்தாள். அவள் திரும்பியபோது பழுப்பு அங்கியின் ஒரு கை மட்டும் ஊறல் தொட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் ப்ளீச் வெந்நீரில் ஆவி பறந்தது.

"மரிசோல், பாக்கெட் பாத்தியா?"

"அய்யோ, இல்லக்கா. நாத்தம் தாங்கல. அப்படியே போட்டுட்டேன்." மரிசோல் அறையின் அந்தக் கோடியில், மார்பு வரை ஈர விரிப்பை அணைத்துக்கொண்டு நின்றாள்.

வெர்னா உறை போட்ட கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அங்கி கனத்துக் கிடந்தது. பாக்கெட்டின் வாய் கிடைத்தது. உள்ளே தையலா, மடிப்பா, மாத்திரையா, தடித்த ரப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. விரல்கள் மரக்கட்டையாக அலைந்தன.

"விடுக்கா. இத போட்டுட்டு நான் வந்து பாக்கறேன்."

"கரைஞ்சிடும். அவர் மருந்தே முழுங்கலன்னு தெரியாம, நாளைக்கு ரெண்டு மடங்கு குடுத்துடுவாங்க."

"கரைஞ்சா கரையட்டும். நாளன்னிக்கு உனக்குக் கை வேணும்க்கா."

வெர்னா தொட்டியைப் பார்த்தாள். பிறகு கையை வெளியே எடுத்து, உறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, அதை அப்படியே தரையில் உமிழ்ந்துவிட்டு, வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். பாக்கெட்டின் அடி மூலை வரை போய், அங்கே மெதுவாகத் தடவினாள்.

மூன்று இருந்தன. இரண்டு கூழாகிவிட்டன. மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் இளகியிருந்தது. மரிசோல் குழாயைத் திறந்துவிட்டு, "முதல்ல கையக் கழுவு, கையக் கழுவுக்கா" என்று கத்திக்கொண்டிருந்தாள். ப்ளீச் தண்ணீர் முழங்கை வழியே சொட்டச் சொட்ட, வெர்னா அந்த மாத்திரையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, குழல்விளக்கை நோக்கி உயர்த்தி, மேலே பொறித்திருந்த எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.