ஜூனிபருக்கு விடுமுறை இல்லை

குதிரையின் போர்வைக்குள் கையை நுழைத்துப் பின்தொடையை அழுத்திப் பார்க்கிறாள் நோலின் டிரான்டர். சதை அமுங்கினால் நல்ல நாள். பலகையாக இறுகியிருந்தால் அன்றைய வேலை எல்லாம் தள்ளிப்போகும். இன்று அமுங்குகிறது. "நடக்கலாம்டி, வா," என்கிறாள். ஜூனிபர் என்ற அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை மூக்கால் புகைவிட்டுக்கொண்டு பின்னால் வருகிறது. காலடியில் உறைபனி நொறுங்குகிறது. வேலியோரமாக நாற்பது நிமிட நடை. அதன் பிறகுதான் அவளுக்குத் தேநீர், அதற்கும் பிறகுதான் பள்ளிப் பேருந்து.

ஆஸ்திரேலியாவில் வால்கா என்ற எங்கள் சிற்றூரில் பதினேழு வருடமாக அந்தப் பேருந்தை ஓட்டுவது அவள்தான். வயது ஐம்பத்தாறு. கொட்டாவியை அடக்குவதற்காக ஓட்டும்போது பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டே போவாள். நான் வேலை செய்யும் தீவனக் கடைக்கு வந்தால் ஒவ்வொரு மூட்டையிலும் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு மாவுச்சத்து என்று எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து என்னுடையதைக் கழற்றி வாங்கிக்கொள்வாள்.

"என்ன நோலின், டயட் குதிரைக்கா, உனக்கா?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"எனக்குன்னா இதையெல்லாம் எவ படிப்பா?"

மூன்று வருடத்துக்கு முன் குதிரைமேல் போய் மாட்டை மறித்து ஓட்டும் ஒரு போட்டியில் ஜூனிபர் திடீரென்று நின்றுவிட்டது. வியர்வை சொட்டியது, பின்னங்கால் நகரவில்லை, சிறுநீர் கறுங்காப்பி நிறத்தில் போனது. வலி தணிய ஊசி போட்டுவிட்டு கால்நடை மருத்துவர் பெர்னி சொன்னாள்: "தசைக்குள்ள சர்க்கரை சேந்துகிட்டே போகுதுன்னு நெனைக்கிறேன். பரம்பரையா வர்றதா இருக்கலாம். பிடரியில நாலு மயிர வேரோட பிடுங்கிக் குடுங்க, சோதிச்சிட்டா தெரிஞ்சிடும்."

"அனுப்பலாம், அனுப்பலாம்," என்றாள் நோலின். அனுப்பவில்லை.

மற்ற எல்லாவற்றையும் செய்தாள். தானியத்தை நிறுத்தினாள். சர்க்கரை கரைந்து போகட்டும் என்று உலர்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போட்டாள். குளிரில் அவள் விரல்கள் வெடித்தன. ஒரு நாள் சும்மா நின்றாலும் மறுநாள் தசை இறுகிவிடும் என்பதால் மழையிலும் காய்ச்சலிலும் நடத்தினாள். பிரிஸ்பேனில் அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக்கூடப் போகவில்லை. "அவளுக்கும் லீவு கெடையாது, எனக்கும் கெடையாது."

மயிரை ஏன் அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்பே ஜூனிபர் மூன்று குட்டிகள் போட்டிருந்தது. மூன்றையும் 'தாய் மாதிரியே உழைக்கும்' என்று சொல்லி விற்றவள் அவள். தாய்க்கு அந்த நோய் இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"தெரியாத வரைக்கும் நான் யாரையும் ஏமாத்தல, இல்ல?" என்று ஒருநாள் கடையில் கேட்டாள். நான் மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தேன்.

இந்தக் குளிர்காலத்தில், முதல் குட்டியை வாங்கிய ரோண்டா பாஸ்கோ கடைக்குள் வந்து சத்தமாகவே சொன்னாள்: "நோலின்கிட்ட ஒரு குதிர வாங்கினோமே, அது நேத்து ஓட்டத்துலயே பின்னங்கால் வெறச்சு விழுந்துருச்சு. எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்தெலும்பு முறிஞ்சிருச்சு." மூட்டை அடுக்குக்குப் பின்னால் என் கண்ணாடியோடு நின்றிருந்தாள் நோலின். கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்று மாலையே மயிரைப் பிடுங்கினாள். நான்தான் குதிரையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இருக்கிறது.

முதலில் ரோண்டாவிடம் என் வீட்டுச் சமையலறையிலிருந்து போனில் பேசினாள். எதிர்முனைச் சத்தம் எனக்கே கேட்டது. "மூணு வருஷமா சந்தேகம் இருந்துச்சு, நீ வாயத் தொறக்கல!"

"ஆமா. தொறக்கல," என்றாள் நோலின். இரண்டாவது குட்டியை வாங்கியவர் பாதியிலேயே அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மூன்றாவது ஆர்ச்சி டூலனிடம் இருந்தது. வேலி போடும் ஆள். இருபது வருடப் பழக்கம். "அவன்கிட்ட போன்ல சொல்ல முடியாது, கூட வா," என்று என்னை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனாள். ஆர்ச்சி முழங்கால் வலியில் நொண்டிக்கொண்டே குதிரையை நடத்திக்கொண்டிருந்தார். நோலின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சந்தேகம் வந்த நாள் முதல் பாஸ்கோவின் எலும்பு வரை.

"முடிச்சிட்டியா?" என்றார் ஆர்ச்சி. "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். இவனுக்கும் இருக்கு. மயிர நானே அனுப்பிப் பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"பாக்குறப்பல்லாம், 'என் குட்டி எப்படி இருக்கான்'னு பல்லக் காட்டிகிட்டு கேப்ப. எப்படிச் சொல்றது?"

நோலின் கையை நீட்டி அந்தக் குதிரையின் பின்தொடையை அழுத்திப் பார்த்தாள். "சொல்லியிருந்தா பாஸ்கோ விழுந்திருக்க மாட்டான், ஆர்ச்சி."

"மாட்டான்," என்றார் அவர். "நான் சொல்லியிருந்தாலும், நீ சொல்லியிருந்தாலும்."

காற்று சில்லென்று அடித்தது. ஆர்ச்சி கயிற்றைக் கைமாற்றிக்கொண்டு, நோகும் காலை இழுத்து அடுத்த சுற்றுக்குக் கிளம்பினார்.

நோலின் நாலு எட்டில் போய் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள். அங்கே அடுக்கியிருந்த வேலிக்கம்பங்களைத் தலையசைப்பால் காட்டினாள். அவர் போய் அவற்றின்மேல் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டார். அவள் நடக்கத் தொடங்கினாள்.