மிசின் கூடத்தில் விளையாடாதவன்

எங்கள் கூடத்தில் மணிக்கூடு இருக்கிறது, சட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறது; ஆனால் அதைப் பார்க்கிற ஒரே ஆள், வேலை எப்போது முடியும் என்று நிற்கிற நான்தான்.

சிட்னியில் செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு கிளப். காசைப் போட்டுப் பொத்தானை அமத்தினால் படங்கள் சுழலும் போக்கீஸ் மிசின்களுக்கு இடையே பின்னேரம் ஆறு மணியிலிருந்து விடியப்புறம் வரை நடப்பேன். கோப்பி கொடுப்பது, கிளாஸ் பொறுக்குவது, சிக்கின நோட்டை இழுத்தெடுப்பது என் வேலை. என் ஆங்கிலமே மிசின்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்து வந்ததுதான். இரவுவேலைக்காரர்களே, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? அவற்றைக் கொஞ்சம் முந்திப் படித்திருக்கலாம். வவுனியாவில் இருக்கிற மனைவியையும் மகளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட வைத்திருந்த காசை ரயிலடிப் பப்பின் மிசின்களில் மூன்று கிழமையில் விட்டவன் நான். பிறகுதான் இங்கே சேர்ந்தேன். வேலைசெய்கிற ஆள் இங்கே விளையாடக் கூடாது, பிடிபட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த விதிக்காகவே வந்தேன்.

மணவறை நின்ற இடம்

நான் வந்தபோது மிசின்கள் ஒரு மூலையில்தான் நின்றன. பிறகு ஸ்னூக்கர் மேசைகள் போயின. பிறகு வாடகைக்கு விடுகிற மண்டபமும் போனது. ஒருநாள் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ஒரு ஐயா மகளின் கலியாண வரவேற்புக்கு மண்டபம் கேட்டு வந்தார். அதே மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டை அங்கேதான் செய்தவராம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கம்பளத்தைக் காலால் அளந்து அளந்து, கடைசியில் ஒரு மிசினுக்கு முன்னால் நின்றார். அதில் தங்க நிற ட்ராகன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இதிலதான் தம்பி மணவறை போட்டனாங்கள். இப்ப இதுக்கு ஆர் ஆலத்தி எடுக்கிறது?"

பக்கத்துக் கதிரை

இங்கே விளையாட வருகிற ஜோன் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. புருஷன் இருந்த காலத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மிசினில்தான் இருப்பார்கள். எழும்பிப் போகிறவர் 'ஆள் உண்டு' என்று காட்டுகிற பொத்தானை அமத்திவிட்டுப் போனால், கொஞ்ச நேரம் அந்த மிசினை யாரும் தொடமாட்டார்கள். புருஷன் செத்து இரண்டு வருஷம். இன்னும் அவருடைய மிசினுக்கு ஜோன் அந்தப் பொத்தானை அமத்துகிறார். நேரம் முடிய மறுபடியும். நாங்கள் காணாத மாதிரிப் போய்விடுவோம்.

கூடம் நிரம்பிய ஒரு சனிக்கிழமை, "இங்க யார் இருக்கிறது? காட்டு பார்ப்பம்" என்று ஒருவன் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டான். ஜோன் திரும்பாமலே அவனுக்குப் பதில் சொன்னார்.

"கார் விட இடம் தேடுறார், மகனே. அவருக்கு எப்பவும் சுணங்கும். நீ போய் ஒரு கோப்பி குடி."

உள்ளே கேட்கிற மணி

இடைவேளையில் பின்கதவடியில் நின்று வீட்டுக்குப் போன் எடுப்பேன். இங்கே நடுச்சாமம் என்றால் அங்கே இராச்சாப்பாட்டு நேரம். இரண்டு வயதில் விட்டுவந்த மகள் அபிக்கு இப்போது பதினைந்து. கதவு திறபடும்போதெல்லாம் உள்ளேயிருந்து மணியும் பாட்டும் வரும். சின்னதில் ஒருமுறை, "அப்பாக்குக் கோயிலிலயோ வேலை?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவைத்தேன். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். போன மாதமும் கதவு திறந்தது, மணி அடித்தது.

"அப்பா, உங்கட சாமிக்கு இண்டைக்கும் பசி அடங்கேல்லப் போல."

விசா வந்த நாள்

இரண்டாம் தரம் சேர்த்த காசு கைவிட்டுப் போகவில்லை. விசா கிடைத்துவிட்டது, வைகாசியில் வருகிறார்கள். மனைவிக்குப் போன் எடுத்து, இத்தனை வருஷமாகக் கூடத்தில் நடந்தபடியே நினைத்துவைத்திருந்ததைச் சொன்னேன்: "நீங்கள் வந்த உடன நான் இரவுவேலைய விடுறன். மூண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம்."

அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்த ரயிலடிப் பப் இன்னும் இருக்கோ?"

"இருக்கு. பெருப்பிச்சிருக்கிறாங்கள்."

"போனிலயும் பந்தயம் கட்டலாமாம், அபி சொன்னவள்."

"ஓம்."

"அப்ப அந்த வேலைய விடாதேங்கோ. நீங்கள் அங்க நிக்கிறியள் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டனான்."

ஆகவே வைகாசி பிறந்தால் எங்கள் வீட்டு மேசையில் மூன்று தட்டு இருக்கும், நான் மட்டும் இந்தப் பெரிய சிட்னியில் என்னை விளையாட விடாத அந்த ஒரே கூடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.